எழுத்துரு அறிவிப்பு முதல் அடிக்கோடு வரை: தமிழ் இணையப் பக்க அமைப்பும் வாசகர் பார்வையும்

இணையப் பக்கத்தின் மேற்பகுதியே வருகையாளரின் பார்வை முதலில் படியும் இடம். தமிழ்த் தளங்கள் பலவற்றில் முதல் பத்தாண்டுக்காலம் அவ்விடம் தலைப்புக்கோ செய்திக்கோ உரியதாக இருக்கவில்லை. எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொள்ளுமாறு கோரும் அறிவிப்பே அங்கு நின்றது. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் தோன்றாதாகையால், அவ்வறிவிப்பை ஆங்கிலத்திலோ படமாகவோ இடவேண்டியிருந்தது. தமிழ்ப் பக்கத்தின் முதற்சொல் ஆங்கிலமாக அமைந்த இம்முரண், வடிவமைப்பாளரின் விருப்பத்தால் நேர்ந்ததன்று. குறியாக்கச் சிக்கலின் விளைவு.

சிங்கப்பூரில் 1995இல் அந்நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளையும் தாங்கிய தளம் ஒன்று வெளிவந்தது. அதன் தமிழ்ப் பகுதிக்கு நா. கோவிந்தசாமி ஆற்றிய பணி தமிழ் இணைய வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று. பின்னர்த் தளந்தோறும் ஒரு குறியாக்கம் எழுந்தது. 1997இல் வெளிவந்த நான்காம் பதிப்பு உலாவிகள் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தனுப்ப வழிசெய்தன. எனினும் நெட்ஸ்கேப்பின் முறையும் மைக்ரோசாப்டின் முறையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு டாம், டாப் குறியாக்கங்களை ஏற்றது. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவுடன் வந்தபின் ஒருங்குறி மெல்லப் பரவி, மேற்பகுதி விடுபட்டது.

விடுபட்ட இடத்தை நிரப்பியவை பெரும்பாலும் ஆங்கிலப் பக்கங்களின் அளவுகளே. 2006இல் யாக்கோப் நீல்சன் 232 பேரின் கண்ணசைவை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு வடிவமைப்பாளரிடையே பெரும் செல்வாக்குப் பெற்றது. பார்வை மேலே இருமுறை குறுக்காகச் சென்று, பின் இடப்புறமாகவே கீழிறங்கி, ஆங்கில 'எஃப்' எழுத்தின் வடிவை ஒக்கும் என்பது அதன் சாரம். வரித்தொடக்கத்திலேயே கருத்தைச் சொல்லிவிடுக என்ற அறிவுரை இதனின்று பிறந்தது.

தமிழுக்கு அது அப்படியே பொருந்துவதன்று. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் தொடரிறுதியில் வரும். எதிர்மறையும் அங்கேயே நிற்கும். 'கட்டணம் செலுத்த வேண்டியதில்லை' என்னும் தொடரில் முதற்சொல்லோடு விலகும் கண், கட்டணம் உண்டென்றே கொள்ளக்கூடும். 'கட்டணமில்லை' எனத் தொடரையே சுருக்குவதுதான் இதற்குத் தக்க வழி. பக்க அமைப்பு இங்கே இலக்கணத்தோடு மோதுகிறது; இம்மோதல் உரிய கவனம் பெறவில்லை என்றே சொல்லவேண்டும். பேரெழுத்து இல்லாத மொழி என்பதால் அழுத்தத்திற்கு அளவும் தடிமனும் நிறமுமே துணை. ஒட்டுக்களால் நீளும் சொற்களோ குறுகிய இடப்பத்தியில் மடிந்து உடைந்தன.

இவற்றுள் கண்ணை மிக உறுத்தியது அடிக்கோடு. இணைப்பைக் காட்ட நீல நிறத்தோடு கோடிடும் வழக்கம் தொடக்ககால உலாவிகளிலேயே நிலைபெற்றுவிட்டது. கவனத்தை ஈர்ப்பதற்கான அக்கோடு, ழ, கு, மு, ரு போன்றவற்றின் கீழ்நோக்கிய பகுதிகளைக் குறுக்கே வெட்டி, ஈர்த்த சொல்லையே படிக்கவொட்டாமல் செய்தது. எனவே சிலர் கோட்டை நீக்கினர். அப்போது இணைப்பு எது, வெறும் சொல் எது என்பது நிறத்தை மட்டுமே நம்பி நின்றது. 2018இல் குரோம் உலாவியின் 64ஆம் பதிப்பு, எழுத்தின் உறுப்பு குறுக்கிடும் இடத்தில் கோட்டைத் தானே விட்டுச்செல்லும் வசதியை இயல்பாக அளித்தது. ஆங்கிலத்தின் ஜி, ஒய் போன்ற எழுத்துகளுக்கும் உதவும் அவ்வசதியால் தமிழ் இணைப்புகளின் கீழ்ப்பகுதியும் வெட்டுப்படாமல் தெரியலாயிற்று.