ரேழியும் திண்ணையும்: புதுக்கோட்டை வீடுகளின் முன்வாசல் வரலாறு

புதுக்கோட்டைப் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்களின் வரைபடங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று நம் கண்ணில் படுகிறது. கார் நிற்க இடம் உண்டு. ‘சிட்-அவுட்’ என்ற பெயரில் இரண்டு நாற்காலி போடுமளவுக்கு ஓரிடம் உண்டு. அதைத் தாண்டினால் நேரே கூடம், வழவழப்பான தரை, தொலைக்காட்சி. ஐப்பசி கார்த்திகை மழையில் செம்மண் சேறு அப்பிய காலோடு பள்ளியிலிருந்து வரும் பிள்ளை எங்கே நிற்கும், நனைந்த குடையை எங்கே சாத்தும், அப்பாவின் தலைக்கவசமும் அம்மாவின் மதிய உணவுப் பையும் எங்கே இறங்கும் என்பதற்கு வரைபடத்தில் விடை இருப்பதில்லை. செருப்புகள் கதவோரம் குவிகின்றன. குடை குளியலறைக்குப் போகிறது. பை சோபாவில் கிடக்கிறது. அமெரிக்கப் பண்ணை வீடுகளில் இதற்கென்றே ஓர் அறையைக் கட்டி ‘மட்ரூம்’ என்று பெயரும் வைத்தார்கள். இன்று அதையும் இறக்குமதி செய்து சுவரோடு சேர்ந்த அலமாரியும் இருக்கையுமாக வடிவமைத்துத் தருபவர்கள் நம் ஊர்களுக்கும் வந்துவிட்டார்கள். அந்த அறை நம்மிடம் ஏற்கெனவே இருந்தது என்பதையும், அது சேற்றை மட்டும் தடுக்கவில்லை என்பதையும் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

ரேழி என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். ‘இடைகழி’ என்ற பழஞ்சொல்லே பேச்சில் தேய்ந்து ரேழியாயிற்று என்பர் அகராதிக்காரர்கள். தெருக் கதவுக்கும் உட்கதவுக்கும் நடுவே கிடக்கும் குறுகலான வழி அது. புதுக்கோட்டைக் கிராமங்களில் ‘நடை’ என்று சொன்னாலும் புரியும். தமிழ் மரபில் மிகப் புகழ்பெற்ற மழையிரவு ஒன்று நிகழ்ந்ததும் இடைகழியில்தான். திருக்கோவலூரில் மழைக்கு ஒதுங்கிய பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் படுத்திருக்க, பின்னாலேயே பூதத்தாழ்வார் வந்து சேர்கிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று இருவரும் எழுந்து உட்காருகிறார்கள். பேயாழ்வாரும் வந்ததும் மூவர் நிற்கலாம் என்று நிற்கிறார்கள். நான்காவதாக ஒருவர் இருளில் வந்து நெருக்குகிறார். வந்தவர் யார் என்பது நமக்குத் தெரியும். வேதாந்த தேசிகர் அந்தப் பெருமாளை ‘இடைகழியின் ஈசன்’ என்றே போற்றி வடமொழியில் ஒரு துதி பாடியிருக்கிறார். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். வழிப்போக்கர் மழைக்கு ஒதுங்க வீட்டின் முன்பகுதியில் ஓரிடம் உண்டு, அதற்குள் வர வீட்டுக்காரரை எழுப்ப வேண்டியதில்லை, ஆனால் அது வீட்டின் உட்புறமும் அல்ல என்ற ஏற்பாடு கதை கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்குப் பழகியிருந்திருக்கிறது. கட்டடக் கலை பற்றிய சான்றாக இதைப் படிப்பதில் தவறில்லை என்றே நினைக்கிறோம்.

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே முகப்பு கட்டியதைக் கல்லில் வெட்டி வைத்த சான்று ஒன்று இருக்கிறது. சித்தன்னவாசல் குடைவரைக்கு முன்னால் முகமண்டபம் எழுப்பியவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று, ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. அந்த முகமண்டபம் நிற்கவில்லை. இன்று நாம் காணும் முன்தூண்கள் இருபதாம் நூற்றாண்டில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை. வீடோ கோயிலோ, எதிலும் முதலில் அழிவதும் பிறகு மாற்றிக் கட்டப்படுவதும் முகப்புதான் போலும்.

இனி வீடுகள். திருமயம், பொன்னமராவதிப் பகுதிகளில் இராயவரம், கடியாபட்டி, அரிமளம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, விராச்சிலை, குழிபிறை, பனையப்பட்டி என்று நகரத்தார் ஊர்கள் வரிசையாக உண்டு. செட்டிநாடு என்றதும் சிவகங்கை மாவட்டத்துக் காரைக்குடியும் கானாடுகாத்தானும் மட்டுமே நினைவுக்கு வருவது நம் பழக்கம். செட்டிநாட்டின் வடபகுதி புதுக்கோட்டைச் சமஸ்தானத்து மண்ணில்தான் இருந்தது. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் சேர்ந்தபோது அவற்றில் இந்த மாவட்டத்து ஊர்களும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இரண்டாம் உலகப்போர் வரை பர்மா, இலங்கை, மலேயா வட்டித்தொழிலில் ஈட்டிய பணம் இங்கே தேக்கும் சுண்ணாம்புமாக எழுந்தது. அந்த வீடுகளின் பகட்டைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. நமக்கு வேண்டியது வாசல் மட்டும்.

வீட்டின் தரை தெருவைவிட வெகு உயரம். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட நினைவு அது என்று மரபாகச் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் தெருவின் புழுதியும் மழைநீரும் படியேறி வருவதில்லை. படிகள் ஏறினால் முகப்பு, அதன் இருபுறமும் திண்ணைகள். நடுவே நிலைக்கதவு, அதைக் கடந்தால் நடை, பிறகு வானம் பார்த்த வளவு. இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று போய்ப் பின்தெருவில் முடியும். முகப்பில் நின்றால் பின்வாசல் வரை நேர்கோட்டில் கண்ணோடும். ஆனால் கால் அப்படி ஓட முடியாது. ஒவ்வோர் எல்லையிலும் ஏதாவது ஒன்றை இறக்கி வைத்தாக வேண்டும்: படிக்குக் கீழே செருப்பு, படியருகே செம்பு நீரில் கால் தூசு, திண்ணையில் துண்டும் மூட்டையும் வெயிலும், நடையில் குடையும் கைத்தடியும். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் இந்த வழியாக வருவதே இல்லை. அவர்களுக்குக் கொல்லைப்புறமும் கிணற்றடியும் இருந்தன.

கால் கழுவுவதில் நமக்கிருந்த கவனம் சாதாரணமானதல்ல. நளனைக் கலி பிடித்தது சரியாகக் கழுவாத காலின் வழியே என்பது கதை. மக்கள் வாயில் கலி சனியாகி, இடம் குதிகாலாகி, இன்றும் பாட்டிமார் பேரப் பிள்ளைகளின் குதிகாலை எட்டிப் பார்க்கிறார்கள். மாவட்டத்தின் செம்மண்ணை அறிந்தவர்களுக்கு இதில் சனியை விடச் சலவைதான் முதலில் தெரியும்.

திண்ணைக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் ‘பயால்’. போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டது. சார்லஸ் கோவர் சென்னை மாகாணத்துத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றி எழுதி 1873-இல் வெளியான கட்டுரைக்கு ‘பயால் பள்ளிகள்’ என்றுதான் தலைப்பு. திண்ணையில் மணலைப் பரப்பி விரலால் அரிச்சுவடி எழுதிய பாடத்தை, அதற்கு ஏறத்தாழ எண்பதாண்டு முன்பே ஆண்ட்ரூ பெல் சென்னையில் கண்டு தம் அனாதைப் பள்ளியில் புகுத்தி, இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், 1797-இல் நூலாகவும் வெளியிட்டார். வீட்டுக்குள் வரக் கூடாத மண், வாசலில் எழுதுபலகையானது வேடிக்கைதான். (1999-இல் தொடங்கிய இணைய இதழொன்று ‘திண்ணை’ என்றே பெயர் சூடியதை இணையத்தில் தமிழ் படிப்பவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.)

இத்தனையும் எழுதியபின் திண்ணையைப் பற்றிய ஏக்கம் தானாகவே வந்துவிடும். கடந்த சில பத்தாண்டுகளில் வந்த ஏக்கக் கட்டுரைகள் எல்லாம் ஒரே மாதிரியாக இருக்கின்றன: வழிப்போக்கருக்கு நிழல், ஊர்க்கதை, பானைத் தண்ணீர், இன்று எல்லாம் போயிற்று. இதில் நாம் சேர்ந்து பாட மறுக்கிறோம். திண்ணை யாருக்கு நிழல் தந்தது என்ற கேள்வியைக் கேட்காமல் அதன் வரலாற்றை எழுத முடியாது. செருப்பை இறக்கி வைக்கும் அதே படிவரிசை மனிதர்களையும் இறக்கி வைத்தது. சமமான சாதியார் திண்ணையில் அமரலாம், உறவினர் நடை தாண்டலாம், நெருங்கிய பங்காளி வளவுக்குள் உண்ணலாம். வயலில் உழைத்துக் கொடுத்தவர் தெருவில் நிற்க வேண்டும், அந்தத் தெருவில் நடக்கும்போதே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அழுக்கை நிறுத்தும் கோடும் ஆளை நிறுத்தும் கோடும் ஒன்றாகவே வரையப்பட்டன. கொத்தனார் கட்டி முடித்த திண்ணையில், புதுமனை புகுவிழா முடிந்த மறுநாள் அதே கொத்தனார் உட்கார முடியுமா என்பது அவர் பிறந்த சாதியைப் பொறுத்திருந்தது. வீட்டுப் பெண்களுக்கும் திண்ணை இல்லை. அது ஆண்களின் இடம். பெண்கள் நடையின் கதவிடுக்கில் நின்று வந்தவர் யாரென்று பார்த்தார்கள்.

இது பழங்கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. இதே மாவட்டத்தின் இறையூரில், 2022 டிசம்பர் இறுதியில், வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டி விவகாரத்தை ஒட்டி வந்த மாவட்ட ஆட்சியர் அந்த மக்களை அய்யனார் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அதுவரை அந்த வாசல் அவர்களுக்கு மூடியிருந்தது. ஊர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்ததும் அப்போதுதான் அதிகாரிகளின் கணக்கில் ஏறியது. வீட்டுத் திண்ணைகள் இடிந்த பிறகும் அவற்றின் இலக்கணம் தேநீர்க் கடைப் பலகையில் உயிரோடிருந்தது.

திண்ணைகள் எப்படி மறைந்தன என்பதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். தெருவுக்குத் தார் மேல் தார் போட்டு உயர்த்த, படிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. சாலை அகலப்பட்டபோது முதலில் போனது முன்பகுதி. பர்மா பணம் 1930-களின் மந்தத்திலும் பிறகு போரிலும் வற்ற, பெரிய வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிய வீட்டின் தூண்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. ஆனால் எங்களுக்குப் பிடித்தமான காரணம் வேறு. 1991-இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சைக்கிளையும் பாடத்தில் சேர்த்தது. கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலைப் பெண்களுமாக ஆயிரக்கணக்கானோர் ஓட்டக் கற்றார்கள். சைக்கிள் வந்தால் அதை இரவில் நிறுத்த இடம் வேண்டும், பிறகு மொபெட், பிறகு ஸ்கூட்டி. திண்ணையில் பாதியை இடித்துச் சாய்தளம் போட்ட வீடுகளை இன்றும் பார்க்கலாம். பெண்ணின் வண்டி ஏறுவதற்காக ஆணின் திண்ணை இடிந்ததென்றால் அதற்காக வருந்த நமக்கு மனமில்லை.

ஆனால் சேறு போகவில்லை. ஐந்து பேர், இரண்டு வண்டி, மூன்று பள்ளிப்பை உள்ள வீட்டுக்கு முன்னறை கட்டாயம் வேண்டும். ஜப்பானியர் இதை அழகாகத் தீர்த்திருக்கிறார்கள். ‘கெங்கான்’ எனப்படும் வாசலிடம் வீட்டுத் தரையைவிட ஒரு படி தாழ்ந்திருக்கும், காலணி அந்தப் படியைத் தாண்டாது. அந்தச் சொல்லே பௌத்த மடாலயங்களில் ஆழ்ந்த ஞானத்தின் நுழைவாயிலைக் குறித்தது என்கிறார்கள். நம் குறடும் நடையும் அதே வேலையைச் செய்தவைதான். கெங்கானின் அந்த ஒரு படித் தாழ்வை மட்டும் கடன் வாங்கலாம்.

ஐந்தடிக்கு ஏழடி போதும். தரையை ஓரடியில் பாதி தாழ்த்தி, வெளிப்புறம் நோக்கி வாட்டம் கொடுத்து, மெருகேற்றாத கருங்கல் பதிக்க வேண்டும். விட்ரிஃபைடு ஓடு மழைநாளில் ஆளை வீழ்த்தும். கதவையொட்டி முழங்கால் உயரத்தில் ஒரு குழாய், அதன் கீழ் தண்ணீர் செடிக்குப் போகும்படி ஒரு வடிகால். சுவரோடு சேர்த்து ஒன்றரையடி உயரத்தில் கட்டுத் திண்ணை: பழைய திண்ணை ஏறி உட்கார்ந்து பேசுவதற்கானது, இது குனிந்து ஷூ மாட்டுவதற்கானது, உயரம் குறைவாகத்தான் இருக்க வேண்டும். திண்ணைக்கு அடியில் தரையைத் தொடாமல் இரண்டு பலகை போட்டால் செருப்புகள் காயும், துடைப்பம் நுழையும், தேளும் பூரானும் ஷூவுக்குள் குடியேறா. விளக்குக்கு மாடக்குழி வைத்த ஊர்தானே நம்முடையது, அதே மாடக்குழியைச் சற்றுப் பெரிதாக்கித் தலைக்கவசத்துக்கு வைக்கலாம். பைகளுக்கான கொக்கிகள் சிறுவரின் தோளுயரத்தில் இருக்க வேண்டும். பெரியவர் உயரத்தில் அடித்தால் பை தரையில்தான் கிடக்கும். மேலே கம்பி வலைச் சன்னல் ஒன்று இருந்தால் குடைக்கு வேறு ஏற்பாடு தேவையில்லை.

இவ்வளவும் எந்தக் கட்டுமானப் பொறியாளரும் போட்டுத் தருவார். அவரிடம் நாம் கேட்க வேண்டியது இன்னும் ஒன்றுண்டு. வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் தம் செருப்பை எங்கே விடுவார்? அந்த அலமாரியில் அவருக்கும் ஒரு பலகையா, அல்லது கேட்டுக்கு வெளியேயா? எரிவாயு உருளையை மாடிக்குச் சுமந்து வந்தவர் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் உட்கார்ந்து குடிக்க ஓரிடம் உண்டா, அந்த டம்ளர் எது? எங்கள் குழுவில் இதைப் பேசியபோது, கேட்டை ஒட்டித் தெருப்பக்கமாக, நிழலில் ஒரு சிறு திண்ணை கட்டாயம் வேண்டும் என்றனர் சிலர். தெருப்பக்கத் திண்ணை பழையபடி ஆளைத் தெருவிலேயே நிறுத்திவிடும், உள்ளிருக்கும் அதே கட்டுத் திண்ணையில்தான் எல்லாரும் உட்கார வேண்டும் என்றனர் மற்றவர்கள். பேச்சு முடியவில்லை.