கொள்ளையில் தற்காப்பும் கொலை வழக்கும்

கொள்ளையரிடம் சிக்கியவர் தன் உயிரையோ உடைமையையோ காத்துக்கொள்ளத் திருப்பித் தாக்கி, அதில் கொள்ளையர் இறந்துவிட்டால், அது கொலையா தற்காப்பா என்ற கேள்வி எழுகிறது. கொல்லும் அளவுக்குப் போகவும் சில நேரங்களில் இந்தியச் சட்டம் இடம் தருகிறது. அந்த உரிமை எந்த நொடியில் தொடங்குகிறது, எந்த நொடியில் முடிகிறது, அதை முடிவு செய்வது காவல் நிலையமா நீதிமன்றமா என்பவற்றைச் சுற்றியே தமிழ்நாட்டில் விவாதம் நடந்துவருகிறது.

சட்ட அடிப்படை

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்த தற்காப்புரிமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் தொடர்கிறது. உயிர் போகும் அல்லது உடலுக்குக் கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தாக்குபவரைக் கொல்வதும் குற்றமாகாது என்கிறது 38-ஆம் பிரிவு. உடைமையைக் காக்கும்போது இதே அளவு உரிமை எப்போது உண்டு என்பதை 41-ஆம் பிரிவு வரையறுக்கிறது. வழிப்பறி, சூரியன் மறைந்தபின் உதிக்கும்முன் வீட்டை உடைத்து நுழைதல், குடியிருப்புக்குத் தீ வைத்தல், உயிரச்சம் தரும் திருட்டு அல்லது அத்துமீறல் ஆகியவை அதில் அடங்கும்.

இதன் எல்லையைச் சொல்வது 37-ஆம் பிரிவு. காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. நல்லெண்ணத்துடன், முன்திட்டமின்றி எல்லை மீறியவர் மீது கொலைக் குற்றம் நிற்காது. அது கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தலாகக் குறையும்.

அடையாறும் சங்கிலிப் பறிப்பும்

2025 மார்ச் 25 காலை, அடையாறு, திருவான்மியூர், கிண்டி, சைதாப்பேட்டை வட்டாரங்களில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் பைக்கில் வந்தவர்கள் அடுத்தடுத்துப் பெண்களின் சங்கிலிகளைப் பறித்தார்கள். விமானத்தில் தப்ப முயன்றவர்களைக் காவல்துறை பிடித்தது. அவர்களில் ஒருவர், நகையை மீட்க அழைத்துச் செல்லப்பட்டபோது, தரமணி ரயில் நிலையம் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தங்களை நோக்கிச் சுட்டதால் தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டதாகக் காவல்துறை கூறியது.

காவலருக்கென்று தனித் தற்காப்புரிமை எதுவும் இல்லை. நடைப்பயிற்சிக்குப் போகும் பெண்ணுக்கு உள்ள அதே பிரிவுகள்தான் அவருக்கும். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் நேரும் சாவுகளுக்கு 2014-ல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்துவிட்டது: முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், சம்பந்தப்படாத குழு விசாரிக்க வேண்டும், நடுவர் விசாரணையும் நடக்க வேண்டும். பொதுமக்களில் ஒருவர் தற்காப்பில் கொன்றால் பின்பற்ற இப்படி ஒரு தனி நெறிமுறை வகுக்கப்படவில்லை.

செயின் பறிப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. புதிய சட்டத்தின் 304-ஆம் பிரிவு ‘பறிப்பு’ என்பதைத் திருட்டின் ஒரு வகையாகத் தனிக் குற்றமாக்கி, மூன்றாண்டு வரை சிறை வைத்திருக்கிறது. திருட்டு மட்டும் என்றால் கொல்லும் உரிமை வராது. பறித்தவர் கத்தியைக் காட்டினாலோ, கழுத்தோடு இழுத்துச் சாய்த்தாலோ அது வழிப்பறியாகி உரிமை விரியும். சங்கிலியோடு தெருமுனை தாண்டிவிட்டவரைக் காரில் துரத்தி மோதிக் கொன்றால், உடனடி உயிரச்சம் அப்போது நீங்கிவிட்டதால், கொல்லும் உரிமையும் நீங்கியிருக்கும்.

கடையம், 2019

இந்த எல்லைகளை ஒரே காட்சியில் பார்க்க உதவுவது, 2019 ஆகஸ்டில் கடையம் அருகே கல்யாணிபுரத்தில் நடந்த சம்பவம். இரவில் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்த முதியவரின் கழுத்தை, பின்னால் வந்த முகமூடி ஆள் ஒருவன் துண்டால் இறுக்கினான். சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி செருப்பை வீசினார். பிறகு கையில் கிடைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை வீசினார். அவனோடு இன்னொருவனும் சேர, அரிவாளோடு நின்ற இருவரையும் தம்பதியர் விரட்டினார்கள். கண்காணிப்பு கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. சுதந்திர தின விழாவில் தமிழக அரசு அவர்களுக்கு வீரதீரச் செயலுக்கான விருது வழங்கியது.

கழுத்தில் துண்டு இறுகிய நொடியிலேயே, இன்றைய 38-ஆம் பிரிவுக்கு இணையாக அன்று இருந்த பழைய 100-ஆம் பிரிவின் முழு உரிமையும் பிறந்துவிட்டது. அந்தக் கைகலப்பில் கொள்ளையன் விழுந்து இறந்திருந்தாலும் சட்டம் தம்பதியர் பக்கமே நின்றிருக்கும். கொள்ளையர் வாசலைக் கடந்து ஓடிய பின் துரத்திப் பிடித்து அடித்துக் கொன்றிருந்தால் கதை வேறு. விருதுக்கும் கொலை வழக்குக்கும் இடையே இருந்தது சில நொடிகளும் சில அடிகளும்தான்.

நீதிமன்றங்கள் சொன்னவை

1950-ல் கட்னியில் கலவரக் கும்பல் ஒன்று சகோதரரின் கடையைச் சூறையாடிவிட்டு அம்ஜத் கான் என்பவரின் கடைக் கதவை லத்தியால் அடித்தபோது, உள்ளே குடும்பத்தை வைத்துக்கொண்டு சுட்ட அவரை உச்ச நீதிமன்றம் 1952-ல் விடுவித்தது. கதவு உடையும்வரை அவர் காத்திருக்கத் தேவையில்லை என்பதே அதன் சாரம். ஜெய் தேவ் வழக்கில், ஆபத்து நீங்கி எதிராளிகள் ஓடத் தொடங்கிய பின் சுட்டது தற்காப்பு ஆகாது என்றது அதே நீதிமன்றம். தாக்கப்படுபவர் ஒவ்வோர் அடியையும் அளந்து திருப்பித் தர வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதை 2010-ல் தர்ஷன் சிங் வழக்கு உறுதிப்படுத்தியது. தற்காப்பை நிறுவும் சுமை குற்றம்சாட்டப்பட்டவருடையது; ஆனால் அதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை, நடந்திருக்கக்கூடியது என்று காட்டினாலே போதும்.

காவல் நிலையமா, நீதிமன்றமா

மகளிடம் அத்துமீற முயன்ற கணவரைக் கொன்ற பெண்ணை, 2012-ல் மதுரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பழைய 100-ஆம் பிரிவைக் காட்டி விடுவித்தார். 2021 ஜனவரியில் சோழவரத்தில், கத்தி முனையில் மிரட்டியவரைக் கொன்ற 19 வயதுப் பெண்ணையும் திருவள்ளூர் காவல்துறை அவ்வாறே விடுவித்தது. இரண்டும் பாலியல் தாக்குதலை எதிர்த்தவை. கொள்ளையில் உயிரச்சம் நேர்ந்தவருக்கும் அதே பிரிவு பொருந்தும்.

தற்காப்பை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை, போலீஸ் விடுவித்தால் போலித் தற்காப்புகளும் தப்பிவிடும் என்பது ஒரு வாதம். கொலைப் பிரிவில் வழக்குப் பதிந்தால் கைது, காவலில் அடைப்பு, ஜாமீனுக்கு அலைச்சல் என்று விடுதலைக்கு முன்பே தண்டனை தொடங்கிவிடும் என்பது மறுவாதம்.

பிற நாடுகள்

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் 1999-ல் வீடு புகுந்த 16 வயதுச் சிறுவனைப் பின்னாலிருந்து சுட்டுக் கொன்ற விவசாயிக்குக் கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை கிடைத்தது. 2001-ல் மனநிலையைக் காரணமாக ஏற்று அது குறைக்கப்பட்டது. நாடு இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. வீட்டுக்காரர் முற்றிலும் அளவு மீறினால் மட்டுமே குற்றம் என்று 2013-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2022-ல் நியூயார்க்கில், கடைக்குள் புகுந்து தாக்கியவரைக் குத்திக் கொன்ற ஊழியர் மீது பதிந்த கொலை வழக்கை, பொதுமக்கள் எதிர்ப்புக்குப் பின் அரசு வழக்கறிஞர் மூன்று வாரத்துக்குள் கைவிட்டார்.

மதிப்பீடு

இந்தியச் சட்டத்தில் உரிமை போதிய அளவு இருக்கிறது, இல்லாதது வழிமுறை. மதுரையிலும் சோழவரத்திலும் கிடைத்த நியாயம், அங்கிருந்த அதிகாரிகளின் முடிவால் கிடைத்தது. அதிகாரி மாறினால் நியாயமும் மாறும் நிலை கூடாது. தற்காப்பு என்று முதல் பார்வையில் தெரியும் சாவுகளில், கைதுக்கு முன்பே தாக்கப்பட்டவரின் காயங்களை மருத்துவர் பதிவு செய்வது, கேமராப் பதிவுகளைக் கைப்பற்றுவது, மூத்த அதிகாரி ஒருவரின் ஆய்வைக் கட்டாயமாக்குவது, அறிக்கையை நீதித்துறை நடுவர் பார்வைக்கு அனுப்புவது ஆகியவற்றை மாநில அரசு எழுத்துமூலம் நெறிப்படுத்தலாம். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. இறந்தவர் கொள்ளையரே ஆனாலும் அவர் எப்படி இறந்தார் என்பதற்குக் கணக்கு இருக்கும். உயிர் தப்பியவரும் குற்றவாளியாக நடத்தப்படமாட்டார்.