திரும்பாத கையின் வரலாறு

கடைக்காரர் தரும் மீதிக் காசை வாங்க உள்ளங்கையை மேலே திருப்புகிறோம். மேசையில் ஊன்றி எழும்பக் கீழே திருப்புகிறோம். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே இரண்டு என்புகள் உண்டு. அரந்தி பெரும்பாலும் அசையாமல் நிற்க, சற்றே வில்லாக வளைந்த ஆரை அதைச் சுற்றிப் புரள்கிறது. முறிந்த என்பு அந்த வளைவு கெட்டு ஒட்டிக்கொண்டால் கை முழுதாகத் திரும்பாது. "கை பார்வைக்கு நேராத்தானே இருக்கு, ஏன் திரும்புதில்ல?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மருத்துவத்துக்கு நெடுங்காலம் எடுத்தது.

நம்மவர் எழுத்தில் இந்த வரலாறு பெரும்பாலும் அஸ்ஸஹ்ராவியோடு தொடங்கி அவரோடேயே முடிந்துவிடும். குர்துபாவை அடுத்த அஸ்ஸஹ்ராவைச் சேர்ந்த அவர் 1013 அளவில் மறைந்தார். அவருடைய 'அத்தஸ்ரீஃப்' 30 பாகங்கள் கொண்டது. இறுதிப் பாகம் சத்திரசிகிச்சை பற்றியது. அதன் மூன்றாம் பகுதி முறிவையும் மூட்டு விலகலையும் பேசுகிறது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அவரே கிரேக்க மருத்துவர் ஏஜினாவின் பவுலிடமிருந்து நிறைய எடுத்து, தன் அனுபவத்தையும் சேர்த்து எழுதியவர். 12ஆம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்ட் அதை லத்தீனுக்குக் கொண்டுபோனார். வாங்கியதும் கொடுத்ததும் சேர்ந்ததுதான் அந்தப் பெருமை.

அன்று வைத்தியருக்கு விரல்களே கண். 1814இல் டப்ளினில் ஆபிரகாம் கொலிஸ் மணிக்கட்டருகே ஆரை முறிவதை விவரித்தபோதும் அதே நிலைதான். எக்ஸ்ரே வர இன்னும் 81 வருடம் இருந்தது. 1895இல் ரொன்ட்ஜன் அந்தக் கதிரைக் கண்டார். என்பு தெரிந்தது. ஆனால் எக்ஸ்ரே ஒரு நிழல். நிழலில் வளைவு தெரியும்; என்பு முறுகி ஒட்டியிருப்பது எளிதில் பிடிபடாது. 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சீ.டி. ஸ்கேன் நிழலுக்குப் பதிலாக வெட்டுமுகங்களைத் தந்தது.

எவ்வளவு கோணல் தாங்கும் என்பதும் அளக்கப்பட்டது. சடலக் கைகளில் செய்து 1982இல் வெளியான ஓர் ஆய்வில், என்பு நடுப்பகுதியில் 10 பாகை கோணியபோது சுழற்சி அவ்வளவாகக் குறையவில்லை. 20 பாகையில் நன்றாகவே குறைந்தது.

இன்று வெட்டுமுகங்களை அடுக்கிக் கணினிக்குள் ஒரு கையையே உருவாக்குகிறார்கள். காயப்படாத மறு கையைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, கோணலாக ஒட்டிய என்பின்மேல் வைத்தால், எத்தனை பாகை வளைந்தது, எத்தனை பாகை முறுகியது என்பது கணக்காக வரும். முழங்கையருகே ஆரையின் தலையிலிருந்து மணிக்கட்டருகே அரந்தியின் தலைக்கு ஓர் அச்சை இழுத்து ஆரையைச் சுழற்றினால், என்போடு என்பு எங்கே முட்டுகிறது என்பதும் தெரியும். கத்தி வைக்க முன்பே திரையில் வெட்டிப் பார்க்கலாம். அதே கோணத்தில் வெட்டுவதற்கான வழிகாட்டிக் கட்டையையும் முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்துகொள்ளலாம்.

ஆனாலும் இந்தக் கணக்கு முக்கியமாக என்பின் கணக்கு. இரண்டு என்புகளையும் பிணைக்கும் சவ்வு இறுகியிருந்தால், திரையில் சுழன்ற கை நோயாளியிடம் சுழலாது. ஒருவருடைய இரண்டு கைகளும் அச்சொட்டாக ஒன்றுமல்ல. ஆகவே வைத்தியர் இன்றைக்கும் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கத்தான் வேண்டும்.

அஸ்ஸஹ்ராவியின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவருக்கு முன்னால் இருந்தவர்களையும், பின்னால் வந்த ஆயிரம் வருடத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம். பெயரோடு நின்றுவிட்டால், அடுத்த அளவையை எடுக்க நம் பிள்ளைகளில் யாருக்கும் தோன்றாது.