ஓதல் இசைத்தட்டில் ஏறிய கதை

குர்ஆன் பிரதியில் எழுத்தின் மேல் ‘மத்து’ எனும் நீட்டல் குறி நெளிந்து கிடக்கும். எவ்வளவு நீட்டுவது என்பதை ஓதிக் கொடுக்கும் ஹஜ்ரத்தின் வாய்தான் காட்டும். ‘குன்னா’ எனும் மூக்கொலியை எத்தனை நேரம் நிறுத்துவது, ‘ளாத்’ எழுத்துக்கு நாக்கின் விளிம்பு எங்கே படவேண்டும் என்பதெல்லாம் காகிதத்தில் ஏறாதவை. வாயிலிருந்து காதுக்கு, தலைமுறை தலைமுறையாக வந்தவை.

அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடுமோ என்று 1959-இல் கெய்ரோவில் ஒருவர் கலங்கினார். அவர் லபீப் அஸ்ஸயீத், குர்ஆன் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர். தேர்ந்த காரிகள், அதாவது முறைப்படி ஓதுபவர்கள், மறைந்தால் அவர்கள் ஓதிய முறையும் அவர்களோடு அடங்கிவிடும். முன்பு யமாமா போரில், குர்ஆனை மனனம் செய்த ஹாபிழ்கள் பலர் ஷஹீதானபோதுதான் முதல் கலீஃபா அபூபக்கர் (ரலி) குர்ஆனை ஏட்டில் தொகுக்கச் செய்தார்கள். அன்று எழுத்தில் நடந்தது இன்று ஒலியில் நடக்கட்டும் என்றார் லபீப். பின்னாளில் இந்த முயற்சியைப் பற்றி அவர் எழுதிய நூலுக்கும் ‘முதல் ஒலித் தொகுப்பு’ என்றுதான் பெயர் வைத்தார்.

ஓதல் அதற்கு முன்பே ஒலிபரப்பில் இருந்தது. 1934-இல் எகிப்திய வானொலி தொடங்கியதே ஷெய்க் முஹம்மது ரிஃபத்தின் ஓதலோடுதான். ஆனால் அன்று புகழ்பெற்றிருந்தது ‘முஜவ்வத்’. ராகம் விரிந்து, மூச்சு நீண்டு, சபையே ‘அல்லாஹ்’ என்று உருகும் ஓதல் அது. கேட்பவருக்கு விருந்து, ஓதப் பழகும் பிள்ளைக்கு எட்டாத உயரம். லபீப் கேட்டது ‘முரத்தல்’: நிதானமாக, சீராக, கூடவே ஓதிப் பார்க்கத் தோதாக இருப்பது. இந்தத் தெரிவில்தான் அவருக்குள் இருந்த ஆசிரியரை நான் காண்கிறேன்.

ஓதியவர் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி. 1960-இல் பதிவு தொடங்கியது. அறிஞர் குழு ஒன்று உடனிருந்து ஒவ்வொரு எழுத்தையும் செவிமடுத்தது; வழுவிய இடத்தைத் திரும்ப ஓதவேண்டும். 1961 ஜூலையில், ஹஃப்ஸ் எனும் ஓதல் முறையிலான முழுக் குர்ஆனும் 44 இசைத்தட்டுகளில் வெளிவந்தது. 1964 மார்ச் 25-இல் கெய்ரோவில் குர்ஆனுக்கென்றே ஒரு வானொலி பிறந்தபோது, ஒலிபரப்ப அந்தப் பதிவு தயாராக இருந்தது. ஓதக் கற்பவர்களுக்காகவே ‘முஅல்லிம்’ என்ற பதிவையும் ஹுஸரி பின்னர் தந்தார்.

அவர் 1980-இல் மறைந்தார். தட்டு போய், கேசட்டும் போய், இன்று கைபேசிச் செயலியில் ஒரே ஆயத்தை, அதாவது வசனத்தை, பத்து முறை சலிக்காமல் ஓதித் தருகிறது அவர் குரல். ஆனால் கூடவே ஓதும் பிள்ளை ‘ளாத்’தைத் ‘தால்’ ஆக்கினால், நிறுத்தித் திருத்த ஹஜ்ரத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும்.