பால் கொடுக்க நேரம் யார் தருவது?

1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசு ஒரு பிரகடனம் வெளியிட்டது. சாணார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்றது அது. அன்று நம் புதுக்கடையும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. பல பத்தாண்டு தோள்சீலைப் போராட்டம் ஈட்டிய அந்த வெற்றியிலும் பறையர், புலையர் பெண்களுக்கு இடமில்லை. பெண்ணின் மார்பை மூடலாமா என்பதைச் சாதியும் அரசும் தீர்மானித்த மண் இது.

இந்த வரலாற்றை மேடைதோறும் பேசுகிறோம். அதே உடலில் சுரக்கும் பாலைப் பற்றிப் பேசுகிறோமா, தோழர்களே?

பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போகும்போது நாங்கள் சொல்வது இதுதான்: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுங்கள், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள், சேனை வைக்க வேண்டாம், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். எல்லாம் சரியான அறிவுரைதான். முந்திரி ஆலைக்குப் போகும் ஓர் அக்கா எங்களிடம் திருப்பிக் கேட்டார்: "காலத்த போனா அந்திக்குத்தான் வாறேன். பிள்ளைக்கு எப்பம் பால் குடுக்க?"

இந்தக் கேள்விக்கான பதிலை அண்ணல் அம்பேத்கர் 1928லேயே தொடங்கிவைத்தார். பம்பாய் சட்ட மேலவையில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அவர், பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். அதன் செலவில் பெரும்பங்கு அரசுடையது, முதலாளிக்கும் அதில் பொறுப்புண்டு என்றார். 1929இல் அது சட்டமானது. 1961இன் மகப்பேறு நலச் சட்டம், வேலைக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தையின் 15 மாதம் வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்ட தினம் இரண்டு இடைவேளை தந்தது. 2017 திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இவை உண்டு.

ஆனால் வீட்டில் கொட்டை உரிப்பவரும், தினக்கூலிக்கு வயலுக்குப் போகிறவரும் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள். நம் பெண்கள் அதிகம் இருப்பதும் அங்கேதான். கூலி போகும் என்ற பயத்தோடு இருப்பவரிடம் தாய்ப்பாலின் பெருமையை மட்டும் பேசினால், அது பழியைத் தாயின் தலையில் போடுவதாகிவிடும்.

ஆகவே நம் வேலை இரண்டு. பிள்ளையை மார்போடு அணைக்கும் விதம், பால் கட்டினால் கையால் பீய்ச்சும் விதம் ஆகியவற்றைப் புதுத் தாய்க்குப் பாலூட்டிப் பழகிய பக்கத்து வீட்டு அக்காவே சொல்லித்தரட்டும். தாளில் படிப்பதைவிட அவர் கூட இருந்து காட்டுவது சீக்கிரம் பிடிபடும். கூடவே, ஆலையில் அந்த இரண்டு இடைவேளையைக் கேட்க அவரோடு நாமும் போய் நிற்போம். சட்டத்துக்கு வெளியே நிற்கும் பெண்களுக்காக அரசிடம் கேட்போம்.

மேலாடை யாரும் இரக்கப்பட்டுத் தந்ததல்ல. பாலூட்டும் நேரமும் கேட்காமல் வராது.