ரொக்க நிலை: ஓசூர் டைட்டன் கம்பெனியின் கணக்கு

பொதுமக்களுக்குப் பங்கு விற்று மூலதனம் திரட்டிய ஒரு கம்பெனியின் ரொக்க நிலை என்பது, குறித்த ஒரு நாளில் அதன் கையிலும் வங்கிக் கணக்கிலும் விரைவில் பணமாக்கத்தக்க முதலீடுகளிலும் உள்ள தொகை. லாப நஷ்டக் கணக்கு காட்டும் லாபத்தோடு அது ஒத்திருக்கவேண்டும் என்பதில்லை. இந்த வேற்றுமையை விளங்கிக்கொள்ள, ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பதிவு அலுவலகம் கொண்ட டைட்டன் கம்பெனியைக் காட்டிலும் சிறந்த திருஷ்டாந்தம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேறில்லை எனலாம்.

டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாக 1984 இல் ஸ்தாபித்த இக்கம்பெனி, கைக்கடிகாரத்தால் பேர்பெற்று, பின்னர் தனிஷ்க் என்ற பெயரில் ஆபரண வியாபாரத்தில் இறங்கி, இன்று வருமானத்தில் பெரும்பகுதியை நகையிலிருந்தே பெறுகிறது. கடையில் நகை வாங்குபவர் அன்றைக்கே பணம் கொடுத்துவிடுவதால் நிலுவை சொற்பம். ஆனால் கண்ணாடிப் பெட்டிகளில் மின்னும் சரக்கு முழுவதும் முடங்கிய மூலதனமே. அதன் பாரத்தைக் குறைக்கும் உபாயம் தங்கக் கடன்: வங்கி பணத்துக்குப் பதிலாகத் தங்கத்தையே கடனாகத் தருகிறது, நகை விற்கும் சமயத்து விலையில் கடன் தீர்க்கப்படுவதால், இடையில் விலை சரிந்தாலும் அந்த நஷ்டம் கம்பெனியைச் சேர்வதில்லை. 2013 இல் தங்க இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்து இந்த வசதி சுருங்கியபோது, சொந்த ரொக்கம் எவ்வளவு அவசியம் என்பது நகைத்தொழில் முழுமைக்கும் விளங்கியது. மாதத் தவணையாக வாடிக்கையாளர் செலுத்தும் நகைச் சேமிப்புப் பணமும் கம்பெனியின் கைக்கு வருவதுதான். எனினும் அது குடும்பங்கள் நம்பி ஒப்படைத்த தொகையாதலால், ஐஸ்வரியமாக அன்றிக் கடமையாகவே கருதத்தக்கது. 2013 ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் வைப்புத்தொகை விதிகள் அமலுக்கு வந்தபின், கம்பெனி பழைய திட்டத்தை நிறுத்திப் புதிதாகத் தொடங்க நேர்ந்தது.

தொற்றுநோயால் கடைகள் மூடிக்கிடந்த 2020-21 இல் ஒட்டுமொத்த லாபம் 1,000 கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அப்படியிருந்தும், தங்கக் கடன் பெருகியது முக்கிய காரணமாக, வியாபார நடவடிக்கையால் வந்த ரொக்கம் 4,000 கோடியைத் தாண்டிற்று. மறு ஆண்டு லாபம் இருமடங்குக்குமேல் உயர்ந்தது. ஆனால் கையிருப்புச் சரக்கு சுமார் 8,400 கோடியிலிருந்து 13,600 கோடிக்கு ஏறியமையால், அதே கணக்கில் ரொக்கம் வருவதற்கு மாறாக வெளியே சென்றது. முதலாண்டை அபரிமிதமான செழிப்பென்றோ மறு ஆண்டைத் தளர்ச்சியென்றோ கொள்வது பிழை. கடன் மிகுந்ததால் வந்த பணமும் விற்பனை பெருகும் என்று சரக்கில் இட்ட பணமும் வெவ்வேறு தன்மையன.

ஆகவே ஐந்தொகையில் பிற கடன்களினின்றும் பிரித்து அச்சிடப்படும் தங்கக் கடன் வரியைச் சேர்த்தே கடன்சுமையைக் கணிக்கவேண்டும். தீபாவளிக்கு முன் சரக்கு குவியும் செப்டம்பர் மாதக் கணக்கை, மார்ச் மாதத்தோடு அன்றி முந்தைய செப்டம்பரோடு ஒப்பிடுவதே முறை.