இரண்டு விரலால் வாசித்த மனுசன்

பாரிசுக்கு வந்த புதிதில் நான் கோப்பை கழுவிய குசினியில் ஒரு பழைய றேடியோ இருந்தது. ஒருநாள் அதில் ஒரு இசை போனது. பாட்டு இல்லை, மேளம் இல்லை. கிற்றாரும் வயலினும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. "ஆர் இது?" எண்டு சமையற்காரரிடம் கேட்டேன். "ஜாங்கோ. இரண்டு விரலால் வாசித்தவர்" எண்டார். நான் நம்பவில்லை. பிறகு நூலகத்தில் தேடி வாசித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜாங்கோ ரைன்ஹார்ட் 1910 ஜனவரி 23இல் பெல்ஜியத்தில், லிபர்ஷி என்ற ஊரில் நின்ற வண்டிவீடொன்றில் பிறந்தவர். ஜிப்சிகள் என்கிறோமே, அவர்களில் மனூஷ் என்ற பிரிவினர். அவர்களுடைய மொழியின் வேர் வட இந்தியாவில் இருக்கிறது. 'மனூஷ்' என்றால் மனுசன். வடமொழிவழி எங்களுக்கு வந்த அதே சொல்தான்!

பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. இசைக்குறிப்பும் வாசிக்கத் தெரியாது. சின்னப் பெடியனாகவே பாரிஸ் நடன மண்டபங்களில் வாசித்து உழைத்தார். 1928இல், 18 வயதில், வண்டிவீடு தீப்பிடித்தது. விற்பதற்காக மனைவி செய்து வைத்திருந்த செலுலோயிட் பூக்கள் குபீரெனப் பற்றிக்கொண்டன. இடது கையின் மோதிர விரலும் சின்ன விரலும் மடங்கி விறைத்துப் போயின.

கிற்றார்காரனுக்கு இடது கைதானே எல்லாம்! தம்பி யோசப் கொடுத்த கிற்றாரை வைத்து, படுக்கையிலிருந்தே திரும்பப் பழகினார். சுட்டு விரலும் நடு விரலும் தந்திகளின் நீளவாட்டில் மேலும் கீழுமாய் ஓடின. தந்திகளைச் சேர்த்து அழுத்த மாத்திரம் மற்ற இரண்டும் கொஞ்சம் உதவின. அந்த ஓட்டமே அவருடைய தனிப் பாணியாயிற்று.

1934இல் வயலின் கலைஞர் ஸ்தெபான் கிராப்பெல்லியோடு ஐவர் குழு அமைந்தது. மூன்று கிற்றார், ஒரு வயலின், ஒரு பேஸ். ஐரோப்பா தனக்கென்று ஒரு ஜாஸ் பாணியைக் கண்டது அங்கேதான்.

1939இல் யுத்தம் வெடித்தபோது குழு லண்டனில் நின்றது. கிராப்பெல்லி அங்கேயே தங்கிவிட, ஜாங்கோ பாரிசுக்குத் திரும்பினார். 1940இல் அவர் இசைத்தட்டில் பதிந்த 'நுவாஜ்', அதாவது 'முகில்கள்', ஜேர்மன் படை பிடித்திருந்த பாரிஸ் முழுக்க ஒலித்தது. அதே காலத்தில் பிரான்சில் அவருடைய சனத்தை முட்கம்பிக்குள் அடைத்தார்கள். மற்ற நாடுகளில் லட்சக்கணக்கில் கொன்றார்கள். 1943இல் அவர் சுவிசுக்குத் தப்ப முயன்றார். எல்லையில் திருப்பி அனுப்பினார்கள். அது என்னவெண்டு எங்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1946இல் அமெரிக்கா சென்று டியூக் எலிங்டன் குழுவோடு வாசித்தார். அந்த வருடம்தான் பிரான்சின் முகாம்களிலிருந்து கடைசி ஜிப்சிகளும் வெளியே வந்தார்கள். யுத்தம் முடிந்து ஒரு வருடத்திற்குப் பிறகு! 1953 மே 16இல் ஜாங்கோ இறந்தார். வயது 43. அந்த முகாம்களுக்கான பொறுப்பை பிரான்ஸ் ஜனாதிபதி ஒருவர் வாய் திறந்து ஏற்றுக்கொண்டது 2016இல்தான்.

ஒரு சனத்தின் இசையை ரசிப்பது சுகம். அந்தச் சனத்தைப் பக்கத்தில் இருக்க விடுவதுதான் கஷ்டம். எங்கட பிள்ளையள் இந்த நாட்டு மேடைகளில் ஏறட்டும், கைதட்டு வாங்கட்டும். தட்டுகிறவர்களுக்கு எங்கட கதையையும் சொல்லட்டும்.